மாடு மோந்துவிட்டுத் திரும்பும் ஊருணி

கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டில் இரண்டு கலப்பினப் பசு, மாமியாரின் கிழட்டு நாட்டு மாடு ஒன்று, ஆறு வெள்ளாடு. பங்குனி பிறந்ததிலிருந்து ஊருணித் தண்ணீர் நாறுகிறது. கலப்பின மாடுகள் கரைக்குப் போய் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கின்றன; பாலும் குறைந்துவிட்டது. ஆடுகள் பக்கத்திலேயே போவதில்லை. நாட்டு மாடு மட்டும் மடமடவென்று குடிக்கிறது. மீன்பாசி (ஊருணியில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார். அவரிடம் வாங்கிய மீன் குழம்பில் சேற்று வாடை அடித்தது. போன வாரம் கோடை மழை கொட்டிய மறுநாள் விடிகாலையில் கட்லாவும் ரோகும் செத்து மிதந்தன. “மாடு குடிக்காத தண்ணியில மனுஷன் காலே வைக்கக் கூடாது” என்கிறார் என் கணவர். “இதே தண்ணியக் குடிச்சுத்தான் உன் புருஷனப் பெத்தேன்” என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? கெட்ட தண்ணீர் எது என்று மாட்டுக்கு உண்மையிலேயே தெரியுமா?

கால்நடை மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

“நாறுகிறது” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். நேரில் வந்திருந்தால் “என்ன நாற்றம்?” என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். மண் வாடையா, மீன் கவிச்சியா, அழுகிய முட்டையா, சாக்கடை வீச்சமா? நோயாளி “வலிக்குது” என்றால் டாக்டர் எங்கே என்று கேட்பார் இல்லையா, அதுபோலத்தான். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்ததில் குறைந்தது இரண்டு நாற்றம் தெரிகிறது. மூன்றாவது ஒன்று இருக்கலாம். எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

முதலில் மீனில் அடித்த சேற்று வாடை. அந்த வாடைக்காகப் பயப்பட வேண்டாம். புதுமழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிறதே, அதே சரக்குதான். ஜியோஸ்மின் என்று பெயர். 1965இல் அமெரிக்காவில் இதைப் பிரித்தெடுத்தவர்கள் கிரேக்கத்தில் ‘மண் மணம்’ என்று பொருள் வரும்படி வைத்தது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிகளும் தண்ணீரில் வாழும் சில நீலப்பச்சைப் பாசிகளும் இதை உண்டாக்குகின்றன. மனித மூக்கு இந்த ஒரு வாடைக்கு மட்டும் ஏனோ அப்படிக் கூர்தீட்டப்பட்டிருக்கிறது: லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். உங்கள் ஊருணி ஒரு ஏக்கர், தண்ணீர் இடுப்பளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்; சுமார் 40 லட்சம் லிட்டர். அத்தனையும் மண் வாடை அடிக்க 40 மில்லிகிராம் போதும். இரண்டு நெல்மணி எடை.

உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் இதே வாடையைச் சுட்ட மண்ணிலிருந்து வடித்து, சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராக விற்கிறார்கள். குப்பியில் இருந்தால் காசு கொடுக்கிறோம். குழம்பில் இருந்தால் குத்தகைக்காரரோடு சண்டை போடுகிறோம். பூச்சிகளுக்குள்ளும் இந்தப் பாகுபாடு உண்டு. பழத்தில் மொய்க்கும் சின்ன ஈ இந்த வாடை பட்டால் முட்டையிடாமல் ஓடிவிடும். டெங்கு பரப்பும் கொசுவோ இதை மோப்பம் பிடித்தே முட்டையிட வருகிறது. குஞ்சுக்கு வேண்டிய நுண்ணுயிர் அங்கே இருக்கிறது என்று அதற்குச் சேதி.

மீன் இதைச் செவுள் வழியாக இழுத்துக் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் சில நாள் உயிரோடு விட்டால் வாடை மெல்ல இறங்கும். விராலுக்கு இது முடியும், கட்லாவுக்கு வீட்டில் சாத்தியமில்லை. அதற்குத்தான் புளி. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடையில்லாத வேறொன்றாக மாறிவிடுகிறது. குளத்து மீனுக்குப் புளி தூக்கலாக இருக்க வேண்டும் என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார். அதில் வேதியியலே இருக்கிறது. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, கோடை மழைக்கு மறுநாள் வந்திருக்கக்கூடிய அழுகிய முட்டை நாற்றம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் மீன் செத்த விதத்தைப் பார்த்தால் அன்று விடிகாலையில் அது நிச்சயம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நடப்பது இதுதான். கோழிக்குடல், இறகு, சாணம், இலைதழை எல்லாம் அடியில் போய்ப் படிகின்றன. அவற்றை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அடித்தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் தின்றுதீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறொரு கூட்டம் தலையெடுக்கிறது. அது தண்ணீரிலுள்ள சல்பேட்டைப் பிடித்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும். அடிச்சேறு கறுப்பாகிவிடும். கையில் ஒரு கொத்துச் சேறு அள்ளிப் பாருங்கள்: மேலே விரல்கடை அளவு பழுப்பு, அதற்குக் கீழே மைக்கறுப்பு, வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றாட வைத்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். சாதாரண நாளில் மேல்தண்ணீர் வெயிலில் சூடாகி மிதந்து மூடிபோல நிற்கும். கீழே உள்ள கெட்டது கீழேயே கிடக்கும். கோடை மழை குளிர்ந்த தண்ணீரைக் கொட்டியதும் அது கனத்து அடிக்கு இறங்க, மூடி புரண்டுவிடுகிறது. அடியில் இருந்தது எல்லாம் மேலே. அதுவும் விடிகாலையில் பாசியும் இரவெல்லாம் மூச்சு விட்டு, இருந்த ஆக்சிஜனைக் குறைத்து வைத்திருக்கும் நேரம். கட்லாவும் ரோகும் மேலே வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுச் சாகும். விராலும் தேளியும் செத்து மிதந்ததாக நீங்கள் எழுதவில்லை பாருங்கள். அவை வெளிக்காற்றைக் குடித்துப் பிழைக்கத் தெரிந்தவை. செத்தது கெண்டை இனம் மட்டும்தான் என்றால், யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஊரில் அப்படிப் பேச்சு கிளம்பியிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. உங்கள் பக்கத்து ஊருணிகள் பலவற்றில் நடுவே கிணறு உண்டு. தூர்வாருகிறேன் என்று யாரையும் அந்தக் கிணற்றுக்குள் சும்மா இறக்கிவிடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். துளியூண்டு இருக்கும்போது மூக்கைத் துளைக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். உள்ளே இருப்பவர் “இப்ப நாத்தம் விட்டுருச்சு” என்பார். விட்டது நாற்றமில்லை, மூக்கு. அவரைத் தூக்கப் போகிறேன் என்று பின்னாலேயே இறங்குகிறவரும் போய்விடுகிறார். கிணறு, கழிவுத் தொட்டி என்று செய்தியில் இரண்டு மூன்று பேராகச் சாவது இப்படித்தான். திறந்த ஊருணிக் கரையில் நிற்பவருக்கு அந்த ஆபத்து இல்லை. தலைவலி, குமட்டல் வரலாம், அவ்வளவுதான்.

சரி, மாட்டுக்கு வருவோம்.

மாட்டின் மூக்கு நம் மூக்கைவிடப் பல மடங்கு கெட்டி. கனடாவின் ஆல்பர்ட்டாவில் மாடுகளுக்கு இரண்டு தொட்டி வைத்துப் பார்த்தார்கள்: ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் எடையில் 0.005 சதவீதம் மட்டும் புதுச் சாணம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் எலுமிச்சம்பழ அளவு சாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடுகள் அதை ஒதுக்கின. அதே ஆய்வில், குட்டைத் தண்ணீரில் நேராக இறங்கிக் குடித்த கிடேரிகளைவிட, சுத்தமான தண்ணீர் குடித்தவை 23 சதவீதம் கூடுதலாக எடை போட்டன. தண்ணீர் பிடித்தால் நிறையக் குடிக்கும். நிறையக் குடித்தால் நிறைய மேயும். உங்கள் வீட்டில் பால் குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். மோந்துவிட்டுத் திரும்பும் மாடு அன்றைய பாலைக் கரையிலேயே விட்டுவிட்டு வருகிறது.

அப்படியானால் நாட்டு மாடு ஏன் குடிக்கிறது? அதற்கு மூக்கு மழுங்கவில்லை. கன்றிலிருந்தே அந்த ஊருணிதான் அதற்குத் தண்ணீர். பழகிய வாடை. வெளியிலிருந்து வாங்கி, தொட்டித் தண்ணீர் குடித்து வளர்ந்த மாடு புதுத் தண்ணீருக்கு ஒரு வாரம்கூட அடம்பிடிக்கும். இது மனிதருக்கும் உண்டு. கரையில் வீடு இருப்பவரிடம் கேளுங்கள், “என்ன நாத்தம், ஒண்ணுமில்லையே” என்பார். வெளியூரிலிருந்து வந்த மருமகள் வண்டியை விட்டு இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்துவாள். ஊருணி நாறுகிறதா என்று சோதிக்க வேண்டுமானால் விருந்தாளி மூக்குதான் நம்பகமானது. ஆடு தண்ணீர் விஷயத்தில் மாட்டைவிட ஆசாரம்; எருமை நேர்மாறு. வேர்வைச் சுரப்பி குறைவு, தோல் கறுப்பு, சூடு தாங்காது. சேற்றில் புரண்டால்தான் அதற்கு நிம்மதி. நாற்றத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். “மாடு குடிக்காத தண்ணீர் கெட்டது” என்பது பாதி சரி. அதைத் திருப்பிப் போட்டு, “மாடு குடித்தால் நல்லது” என்று நம்பினால்தான் ஆபத்து. நானே அப்படி நம்பியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிடைக்காரரிடம், “ஆடு கெட்டிக்காரப் பிராணி, விஷமென்றால் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும்” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். சித்திரையில் அவருடைய ஆடுகள் நான்கு ஒரு குட்டையின் கிழக்குக் கரையில் கிடந்தன. மேற்குக் கரைத் தண்ணீர் சாதாரணமாக இருந்தது. காற்று தள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் சேர்த்திருந்த பச்சைப் படலம், பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல, ஆடுகளின் தாடி மயிரில் காய்ந்து ஒட்டியிருந்தது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. படலத்தை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சொன்ன மூன்றாவது ஆசாமி இதுதான்: நச்சு சுரக்கும் நீலப்பச்சைப் பாசி. இதைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்பு 1878இல் வந்தது. தென் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் ஆடு, குதிரை, நாய், பன்றி எல்லாம் குடித்துச் செத்தன; எழுதியவரும் பச்சை எண்ணெய்ப் பெயின்டோடுதான் ஒப்பிட்டார். 2020இல் போட்ஸ்வானாவில் 300க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டபோது, நீர்நிலைகளில் பெருகிய இந்த வகைப் பாசியின் நச்சுதான் காரணம் என்று அந்த நாட்டு அரசு அறிவித்தது. மோப்பத்துக்கான மரபணு நாய்க்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருக்கும் பிராணி யானை. அதன் தும்பிக்கையிலேயே சிக்காதது நம் ஆட்டு மூக்கில் எங்கே சிக்கப்போகிறது?

வாடையை உண்டாக்குவதும் நச்சை உண்டாக்குவதும் வேறு வேறு சரக்கு. ஒரே பாசியில் இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் போகலாம். மண் வாடை மூக்கைத் துளைக்கும் குளம் தீங்கில்லாததாக இருக்கும். லேசாகப் பச்சைப்புல் வாசம் மட்டும் வீசும் குளம் ஈரலைத் தின்றுவிடும். இந்த நச்சில் ஒரு வகை தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே பச்சைப் படலம் இருக்கும் காலத்தில் அந்த ஊருணி மீனை வாங்காதீர்கள். புளியால் நீங்குவது வாடை; நச்சு நீங்காது.

உங்கள் ஊருணியில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு குச்சி போதும். பச்சையாக இருக்கும் இடத்தில் விட்டு எடுங்கள். முடிக்கற்றைபோலத் தொங்கிக்கொண்டு வந்தால் அது சாதாரண நூல்பாசி. பெயின்டில் தோய்த்த மாதிரி குச்சி முழுவதும் பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து மூடி, ஒரு ராத்திரி அசைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல். பிடிக்கும்போது கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொள்ளுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே வளையமாக ஏறி நின்றால் நீலப்பச்சைப் பாசி இருக்க வாய்ப்பு அதிகம். நச்சு உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லும், ஆனால் அந்த வளையத்தைப் பார்த்தபிறகு ஆய்வக முடிவு வரும்வரை எந்தப் பிராணியையும் அங்கே விடக் கூடாது. நாட்டு மாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடித்த மாடு நடுங்கினாலோ, தள்ளாடினாலோ, திடீரென்று படுத்துவிட்டாலோ 1962க்கு அடியுங்கள். மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் வந்தால் செய்யக் கொஞ்சம் இருக்கிறது. பிழைத்த மாட்டை நிழலில் கட்டுங்கள். ஈரல் கெட்ட மாட்டுக்கு வெயில் பட்டால் வெள்ளைத் தோல் இருக்கும் இடமெல்லாம் வெந்து உரியும்.

வாடையே இல்லாத இன்னொரு பங்காளியும் குளத்தில் உண்டு. சொல்லப்போனால் என் அனுபவத்தில் பாசியைவிட அதிக மாடுகளைப் பிடித்தது அவன்தான்: தட்டைப்புழு. நத்தையில் வளர்ந்து, கரையோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டுக்குள் போகிறான். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், மாடு ஆசையாகக் குடிக்கும், மூன்று மாதத்தில் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். உங்கள் நாட்டு மாட்டின் தாடையை ஒருமுறை தடவிப் பாருங்கள். சாணத்தையும் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

மாமியார் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அவர் குடித்தது இதே தண்ணீர் இல்லை. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்கள் ஏராளம். அவரிடமே கேளுங்கள், யார் காவல் இருந்தார்கள் என்று. பெயரோடு சொல்வார்.

செய்ய வேண்டியவை என்று பார்த்தால், மாட்டுக்கான வழி சுலபம். வீட்டில் தொட்டி கட்டி, குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நிரப்புங்கள்; நிழலில் வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். பாசி இல்லை என்று தெரிந்து ஊருணித் தண்ணீரே எடுப்பதானாலும், மோட்டார் குழாயைக் கரையோரம் போடாமல், அடிச்சேற்றையும் தொடாமல் நடு ஆழத்தில் போட்டு எடுங்கள். பால் ஒரு வாரத்தில் ஏறும்.

ஊருணிக்கு மருந்து தெளிக்கிறேன் என்று யாராவது மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள். பாசி சாகும், சாகும்போது உள்ளே வைத்திருந்த நச்சையெல்லாம் ஒரே நாளில் தண்ணீரில் கொட்டும். அது போதாதென்று தாமிரம் செம்மறிக்குக் கொடிய விஷம். நாற்றத்தை மறைக்கப் பினாயில் ஊற்றுகிறவர்களைப் பற்றி எழுதவே எனக்குக் கை வரவில்லை. கழிவு வருவதை நிறுத்துவதுதான் வழி: கோழிக்கழிவு, சோப்புத் தண்ணீர், வாய்க்கால் வழியாக இறங்கும் வீட்டுச் சாக்கடை. பிறகு தண்ணீர் வற்றும்போது அந்தக் கறுப்பு வண்டலை அள்ளி வயலில் போடுவது. நாற்றத்துக்கு எது காரணமோ அதுவே பயிருக்கு உரம். வண்டல் எடுக்க அனுமதிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

குத்தகைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மீன் செத்ததில் அவருக்கும் நஷ்டம். கழிவு கொட்டியதால்தான் செத்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த மீன்பாசி ஏல நிபந்தனையில் ‘இறைச்சிக் கழிவு கொட்டக் கூடாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மே 1ஆம் தேதி கிராம சபை கூடும். அந்தக் கண்ணாடி பாட்டிலை இறுக மூடி, மேலே பச்சை வளையம் கலையாமல் பிடித்துக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். திறக்க வேண்டாம்.